கருத்துப்படமும் கைக்கருவியும்
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. எங்களுக்கு முன்னே பேசிய அறிஞர்கள் அதனைச் செவ்வனே செய்துவிட்டார்கள். ஆதலின், எங்களுக்கு அளிக்கப்பட்ட நேரத்தை ஒரு சிறு கைத்தொழிலுக்குச் செலவிட அனுமதி வேண்டுகிறோம். நாங்கள் சுவரிலும் தட்டியிலும் பலகையிலும் எழுதிப் பிழைத்தவர்கள். எங்களுள் சிலர் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தும் வருகிறார்கள். நாங்கள் பேசப் போவது கருத்துப்படம் வரைவதைப் பற்றியும், அதற்கு எந்த நிப்பு, எந்தத் தூரிகை, எந்தத் தாள் வேண்டும் என்பதைப் பற்றியுமே. இவ்வளவு சிறிய பொருளுக்கு ஒரு மேடையா என வினவுவோர் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

1893ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். 1920இல் பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழை வெளிக்கொணர்ந்தார். எழுத்து நம் கைக்கு வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஆனால் படம்? 1906இல் சென்னையில் தொடங்கப்பட்டு, பாரதியார் நடத்திய 'இந்தியா' வார இதழில் கருத்துப்படங்கள் வெளிவந்தன. ஆகவே தமிழில் அரசியல் கருத்துப்படத்துக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். அந்த நெடுங்காலத்தில் கருத்துப்படம் வரைந்து பெயர் பெற்றோரை எண்ணிப் பாருங்கள். நம் தெருவிலிருந்து போனவர் எத்தனை பேர்?

இதற்குக் காரணம் பல. அவற்றுள் ஒன்று பணம். அச்சுக்கோத்த எழுத்துகளைப் பிரித்துப் போட்டு மறுவாரமும் பயன்படுத்தலாம். படத்துக்கோ ஒவ்வொரு முறையும் துத்தநாகத் தகட்டில் புதிதாக பிளாக் செய்தாக வேண்டும். அதற்குத் தனியே கூலி கொடுத்தாக வேண்டும். சந்தாவை நம்பி நடந்த சிறு இதழ்களுக்குப் படம் என்பது எட்டாத செலவாகவே இருந்தது. அந்தத் தடை இன்று இல்லை. கைபேசி வைத்திருக்கும் எவரும் தாம் வரைந்ததை ஒரு காசும் செலவின்றி ஆயிரம் பேருக்குக் காட்ட முடிகிறது. தடை நீங்கிய பின்னும் வரைவோர் பெருகவில்லை என்றால், கைப்பழக்கம் இல்லை என்பதே பொருள். அந்தக் கைப்பழக்கத்தைப் பற்றித்தான் பேச வந்தோம்.

எனினும், கருவிக்குள் நுழைவதற்கு முன் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரியோர் பலரும் அறிந்த படம்தான். மாணவர்கள் சிலர் அறியாதிருக்கலாம். 1949இல் சங்கர் என்னும் புகழ்பெற்ற ஓவியர் தம் வார இதழில் ஒரு படம் வரைந்தார். அரசியலமைப்பு என்னும் நத்தையின் மேல் அம்பேத்கர் அமர்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையுடன் நிற்கிறார். அரசியலமைப்பு எழுதும் வேலை மெதுவாக நடக்கிறது என்பது கேலி. இந்தப் படம் பின்னர் பதினோராம் வகுப்பு அரசியல் பாடநூலில் இடம்பெற்றது. 2012 மே மாதத்தில் நாடாளுமன்றத்தில் அதன்மேல் பெரும் புயல் எழுந்தது. அரசு வருத்தம் தெரிவித்தது. பாடநூல் ஆலோசகர் இருவர் பதவி விலகினர்.

சாட்டை நத்தைக்குத்தான் என்றார்கள் ஒரு சாரார். இல்லை, அம்பேத்கரின் முதுகுக்கு என்றார்கள் மற்றொரு சாரார். வரைவோரின் கண்கொண்டு பார்த்தால், அந்த ஐயத்துக்கு இடங்கொடுத்ததே படத்தின் குறை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. சாட்டை ஒரு கோடு. அக்கோடு எங்கே முடிகிறது என்பதை ஓவியன் தீர்மானிக்கிறான். நத்தையும் அதன்மேல் அமர்ந்த மனிதரும் ஒரே திசையில், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்போது, பின்னாலிருந்து ஓங்கிய சாட்டை இருவரையும் குறிக்கும். வேறொருவர் முதுகாக இருந்திருந்தால் அது வெறும் கேலியாகவே கழிந்திருக்கும். தலைமுறை தலைமுறையாகச் சாட்டையை முதுகில் கண்டவர்களுக்கு அது வெறுங்கோடு அன்று. வரைந்தவர் தீய எண்ணத்தோடு வரைந்தார் என்று நாங்கள் கூறவில்லை. அவர் அமர்ந்திருந்த நாற்காலியிலிருந்து அந்த முதுகு தெரியவில்லை என்று மட்டுமே கூறுகிறோம்.

அந்தக் கேலிக்கு உரிய விடையை அம்பேத்கரே 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் கணக்கோடு கொடுத்திருக்கிறார் என்பதையும் இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கொடுக்கப்பட்ட திருத்தங்கள் 7,635. அவற்றுள் அவையில் முன்மொழியப்பட்டவை 2,473. அத்தனையையும் அவை எடுத்துக்கொண்டு பேசியது. மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் 395 பிரிவுகள் உருவாயின. இதனை நத்தை என்பதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன்னமதி ஷ்யாம் சுந்தர் என்னும் ஓவியர், 1932 முதல் 1948 வரை அம்பேத்கரைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த கேலிச்சித்திரங்களைத் தேடித் திரட்டி, 2019இல் ஒரு நூலாக வெளியிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். ஒன்றிரண்டு படங்களைப் பார்த்து 'இதென்ன பெரிய காரியம்' என்று சொல்லிவிடலாம். வரிசையாகப் புரட்டும்போது அப்படிச் சொல்ல வாய் வராது. வாட்டசாட்டமான அம்மனிதர் பல படங்களில் அருகில் நிற்போரைவிடச் சிறுத்துப்போய் நிற்கிறார். படத்தை நீக்கு என்று கேட்பது ஒரு வழி. அதனைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் எங்களுக்குப் பிடித்த வழி ஷ்யாம் சுந்தர் சென்ற வழிதான். அவர் படங்களைத் திரட்டினார், படித்தார், தாமும் பேனாவை எடுத்தார்.

இனி நிப்புக்கு வருவோம்.

கருத்துப்படக் கோடு ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு விடை எப்போதும் அச்சுக்கூடத்தில் இருக்கும். பிரான்சு நாட்டில் ஓனோரே தோமியே என்றொருவர் இருந்தார். கண்ணாடி பதிப்பவரின் மகன். சிறு வயதிலேயே எடுபிடி வேலைக்குப் போனவர். 1831இல் மன்னர் லூயி பிலிப்பை, ஏழைகள் சுமந்து வந்து கொட்டும் பணமூட்டைகளை விழுங்கும் பெருவயிற்றனாக வரைந்து, மறு ஆண்டு ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் வரைந்தது சுண்ணாம்புக் கல்லின் மேல், கொழுப்புச் சாயக் குச்சியால். ஆதலால் அவர் படங்களில் சாம்பல் நிழல் புகைபோல் படிந்திருக்கும். அமெரிக்காவின் தாமஸ் நாஸ்ட் மரக்கட்டையில் செதுக்குவதற்காக வரைந்தார். ஆதலால் அவர் படங்களில் நெருக்கமான இணைகோடுகள். பின்னர் வந்த துத்தநாகத் தகட்டு பிளாக்கோ கருப்பையும் வெள்ளையையும் தவிர வேறொன்றையும் அறியாது. இடைப்பட்ட சாம்பல் வேண்டுமென்றால் கோடுகளைப் பின்னியோ புள்ளிகளை இட்டோ கண்ணை ஏமாற்ற வேண்டும். நம் நாட்டுப் பத்திரிகை ஓவியர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் பழகிய கோடு அதுவே. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. ஆயினும் மட்டமான தாளில், நகலெடுக்கும் பொறியில், சிறிய திரையில், தெளிவாக நிற்பது இன்றும் அந்தக் கருங்கோடுதான்.

தொட்டெழுதும் நிப்புப் பேனாவை முதலில் வாங்குங்கள். ஊறும் பேனாவோ பந்துமுனைப் பேனாவோ போதாதா என்று கேட்பீர்கள். பந்துமுனை தரும் கோடு எங்கும் ஒரே தடிப்பு. அழுத்தினாலும் அதே, தடவினாலும் அதே. நிப்பின் நடுவே ஒரு பிளவு இருக்கிறது. அழுத்தினால் பிளவு விரியும், கோடு தடிக்கும். கையை எடுத்தால் மெலியும். ஒரே இழுப்பில் கன்னத்தின் மென்மையும் தாடையின் கடினமும் வரும். கில்லட் கம்பெனி நிப்புகள் பழைய ஓவியர்களிடையே பெயர் பெற்றவை. ஜப்பானியப் படக்கதை ஓவியர்கள் ஜி நிப்பை விரும்புவர். சற்றுத் தடித்த, விறைப்பான நிப்பில் தொடங்குங்கள். மயிரிழை நிப்பு பார்க்க அழகு. பழகாத கையில் தாளைக் கீறி மையைத் தெளிக்கும்.

புதிய நிப்பைத் தொட்டால் மை முத்துமுத்தாக உருண்டு விலகும். துருப்பிடியாமல் இருக்கத் தடவிய எண்ணெய்ப் பூச்சே அதற்குக் காரணம். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். கோட்டை உங்களை நோக்கியோ பக்கவாட்டிலோ இழுங்கள்; முன்னே தள்ளாதீர்கள். வளைகோட்டுக்குக் கையை முறுக்குவதைவிடத் தாளைத் திருப்புவது மேல். வேலை முடிந்ததும் நிப்பைத் துடைக்காமல் வைத்தால் மறுநாள் அது வெறும் இரும்புத் துண்டு.

மைக்கு இந்தியன் இங்க் எனப்படும் கருமையே வேண்டும். அது கரிப்புகையால் ஆனது, வெயிலில் வெளுக்காது. அரக்குச் சேர்த்த நீர்புகா மையை ஒருபோதும் ஊறும் பேனாவில் ஊற்றாதீர்கள். உள்ளே உறைந்து பேனாவையே கொன்றுவிடும். கையில் காசில்லாதவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். மண்ணெண்ணெய் விளக்கின் மேல் ஒரு தட்டைக் காட்டிச் சேர்த்த கரியை, ஊறவைத்த கருவேலம் பிசினோடு நன்கு அரைத்தால் மை கிடைக்கும். மூங்கில் குச்சியையோ நாணலையோ சரிவாகச் சீவி, முனையில் கத்தியால் ஒரு பிளவு கொடுத்தால் பேனா கிடைக்கும். வான்கோ 1888இல் ஆர்ல் நகரத்தில் வயல்களை வரைந்தது நாணற் பேனாவால்தான். கருவி வாங்க முடியவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையும் இந்தத் தொழிலை விட்டுப் போக வேண்டியதில்லை.

தூரிகை இரண்டாம் படி. ஆர்.கே. லட்சுமணனின் கோட்டைப் பாருங்கள். அவருக்கு முன்மாதிரியான டேவிட் லோவின் கோட்டைப் பாருங்கள். ஒரு கால்சட்டையின் மடிப்பு ஒரே வீச்சில் விழுந்திருக்கும். லோவின் தூரிகை ஹிட்லரின் அரசைச் சினமூட்டி, 1937இல் ஜெர்மனி சென்ற ஆங்கில அமைச்சரிடமே முறையிடும் அளவுக்குக் கொண்டு சென்றது. உருண்டை முனையுள்ள இரண்டாம் அல்லது மூன்றாம் எண் தூரிகை போதும். கடையில் தண்ணீர் கேட்டு வாங்கி நனைத்து, ஒரு உதறு உதறுங்கள். முடிகள் ஒன்றுகூடி ஊசிமுனையாக நின்றால் வாங்கலாம். இரண்டாகப் பிரிந்தால் கடைக்காரர் என்ன புகழ்ந்தாலும் திருப்பிக் கொடுங்கள். சைபீரிய மரநாய் இனத்தின் வால்முடியில் செய்தது மிக உயர்ந்தது, விலையும் அவ்வாறே. செயற்கை இழைத் தூரிகை இன்று நன்றாகவே வருகிறது. கீரி முடித் தூரிகை விற்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். எவரேனும் மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். தூரிகையை முனை கீழாகத் தண்ணீர்க் குவளையில் நிறுத்தி வைப்பவரை நாங்கள் மாணவராகச் சேர்ப்பதில்லை. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

தாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வழவழப்பான ஐவரி கார்டு நிப்புக்கு ஏற்றது. சொரசொரப்பான தாள் நிப்பைப் பிடித்து இழுக்கும். ஆனால் அதே சொரசொரப்பான தாளில் கருங்கொழுப்புப் பென்சிலால் தேய்த்தால், மேடுகளில் மட்டும் கருமை படிந்து புள்ளிப்புள்ளியான சாம்பல் கிடைக்கும். அது கருங்கோட்டு அச்சிலும் அப்படியே விழும். தோமியேயின் கல்லை ஏழையின் தாளுக்குக் கொண்டுவரும் வழி இது. பென்சிலுக்கு எச்.பி. போதும், 2எச் போன்ற கடினமானது தாளில் பள்ளம் தோண்டும், அழித்தாலும் தடம் போகாது. இளநீலப் பென்சிலில் முன்வரைவு செய்வது பழைய பத்திரிகை வழக்கம். அன்றைய அச்சுப் படச்சுருள் நீலத்தைக் காணாது, எனவே அழிக்கும் வேலை மிச்சம்.

அச்சில் வேண்டிய அளவைப்போல் ஒன்றரை மடங்கோ இருமடங்கோ பெரிதாக வரைக. சிறிதாக்கும்போது கைந்நடுக்கம் மறையும். ஆனால் அரை மில்லிமீட்டர் கோடு பாதியாகிக் கால் மில்லிமீட்டராகிவிடும் என்பதையும் எண்ணிக்கொள்ள வேண்டும். நெருங்கிப் பின்னிய கோடுகள் சிறுத்தால் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்தடி பின்னே நடந்து பாருங்கள். அங்கிருந்து தெரிவதே வாசகருக்குத் தெரியும். தாளைப் புரட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஒரு கண் மேலும் ஒரு கண் கீழுமாகச் சாய்ந்திருப்பது உடனே புலப்படும்.

தமிழ் எழுத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. நம் சொற்கள் நீளமானவை. ணி, னை, ளை என்று வளையங்கள் மிகுந்தவை. பேச்சுக்கூட்டை முதலில் வரைந்துவிட்டுப் பின்னர் சொற்களைத் திணித்தால், கடைசிச் சொல் சுவரில் தலை முட்டி நிற்கும். முதலில் எழுத்து, பின்பு அதைச் சுற்றிக் கூடு. தட்டி எழுதிப் பழகிய எங்களுக்கு இது இரண்டாம் இயல்பு. கல்லூரியில் ஓவியம் படித்தவர்கள் இதில் இடறுவதைக் கண்டு உள்ளூர மகிழ்ந்ததுண்டு.

இப்போது கோடு பின்னுவதைப் பற்றி ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். கருப்பும் வெள்ளையும் மட்டுமே உள்ள படத்தில், ஒரு முகத்தை வெறுமையாக விட்டால் அது வெளுத்த முகம். மேலே கோடு பின்னினால் கருத்த முகம். பழைய இதழ்களின் நகைச்சுவைப் படங்களை எடுத்துப் பாருங்கள். வீட்டு எசமானின் முகம் வெறுமையாக இருக்கும். வேலைக்காரனின் முகத்தில் கோடுகள் பின்னியிருக்கும். அதிகாரிக்கு மூக்கு ஒரு கோடு. கூலியாளுக்குத் தடித்த உதடு, விரிந்த மூக்கு, கலைந்த தலை. எல்லாரும் அவ்வாறே வரைந்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கோபுலு வரைந்த எளிய மனிதர்களிடம் ஒரு மரியாதை இருக்கும். அதற்காகவே அவரைக் கற்கிறோம். ஆனால் அந்தப் பழக்கம் பரவலாக இருந்தது. எவரும் கூடிப் பேசி முடிவு செய்த சதியன்று அது. பார்த்துப் பார்த்துக் கையில் ஊறிய பழக்கம்.

எங்களுக்குக் கவலை தருவது வேறு. எங்கள் ஓவிய வகுப்புக்கு வரும் நம் பிள்ளைகளிடம் 'ஓர் அமைச்சரையும் ஒரு துப்புரவுத் தொழிலாளியையும் வரை' என்றால், அவர்களும் அப்படியே வரைகிறார்கள். தன் தாய்மாமன் செய்யும் வேலையைச் செய்பவருக்கு, பத்திரிகையில் பார்த்த கோமாளி முகத்தைக் கொடுக்கிறார்கள். நிப்பு புதியது, மை புதியது, கண் மட்டும் இரவல். இதற்கு மருந்தாக நாங்கள் வகுப்பில் ஒரு பயிற்சி வைத்திருக்கிறோம். கருத்துப்படம் வரையும் முன், தெருவில் பத்து முகங்களைப் பென்சிலால் நேரில் பார்த்து வரைந்து வர வேண்டும். டீக்கடைக்காரர், பால் ஊற்றும் அக்கா, பஞ்சாயத்து எழுத்தர், வேலை முடிந்து திரும்பும் துப்புரவுத் தொழிலாளர், யாரும் ஆகலாம். நிற்கும் நிலை, தோள் சாய்வு, கை எங்கே இருக்கிறது என்பவை முதலில், முகம் கடைசியில். பத்தாவது முகத்துக்கு வரும்போது பத்திரிகைக் கோமாளி தானே காணாமற் போகிறான்.

அதுபோலவே எதிரியை வரையும்போதும். கூனையும் ஊனத்தையும் நிறத்தையும் கேலிப்பொருளாக்கும் கோடு எளிதில் கைதட்டல் பெறும். அந்த ஆயுதத்தால் அடிபட்டவர்கள் அதையே எடுத்துச் சுழற்றுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஒருவர் செய்த செயலை வரையுங்கள். இரட்டைக் குவளையை வரையுங்கள். பூட்டிய கோயில் கதவை வரையுங்கள். மலக்குழியில் மனிதனை இறக்கிவிட்டு மேலே நின்று கைபேசியில் பேசும் ஒப்பந்தக்காரரை வரையுங்கள். அவருடைய பற்களைக் கோணலாக்க வேண்டிய தேவையே எழாது.

இதில் இடர் இல்லையென்று சொல்லி உங்களை அழைக்கவில்லை. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு சிரிப்புப் படத்துக்காக அதன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. பேரிதழின் ஆசிரியருக்கே அந்நிலை. சிற்றூர்ச் சுவரில் வரையும் நம் பிள்ளைக்கு யார் துணை? ஆகவே தனியாக வரையாதீர்கள். சங்கத்தின் பெயரில், கையெழுத்து இதழில், பலர் கூடிப் பார்த்து ஒப்பிய பின் வெளியிடுங்கள். நிகழ்ச்சியின் நாள், இடம், செய்தியின் மூலம் ஆகியவற்றைப் படத்தின் பின்புறம் பென்சிலால் குறித்து வையுங்கள். பின்னாளில் கேள்வி எழுந்தால் அந்தக் குறிப்பு உதவும்.

கணினிப் பலகையில் வரையலாமா என்று காலையில் ஒரு தங்கை கேட்டார். தாராளமாக வரையலாம். வரைந்ததை நூறு முறை திருத்தலாம் என்பது அதன் வசதி. கை துணிவு பெறத் தாமதமாகும் என்பது அதன் இடர். மையில் போட்ட கோட்டைத் திரும்பப் பெற முடியாது, ஆகவே போடும் முன் கை யோசிக்கப் பழகும். முதல் ஓராண்டு மையில் பழகிவிட்டுப் பிறகு பலகைக்குச் செல்வது நல்லது என்பது எங்கள் கருத்து. தாளில் வரைந்ததைக் கணினியில் ஏற்றும்போது அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் ஏற்றுங்கள். கைபேசியில் எடுப்பதாயின் நேர்வெயிலில் வேண்டாம். திண்ணை நிழலில், தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள்.

மேடைக்குக் கீழே இடப்புறம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அங்கே நான்கு வகை நிப்புகளும், இரண்டு தூரிகைகளும், நாங்கள் காய்ச்சிய பிசின் மை ஒரு குவளையும், சீவிய மூங்கிற் பேனாக்களும் உள்ளன. உணவுக்குப் பின் வந்து எடுத்துப் பாருங்கள். பெரியோர்களும் வரலாம். தாள் தேவையான அளவு இருக்கிறது. மை துணியில் பட்டால் போகாது. சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வாருங்கள்.